நான் நன்றி சொன்ன லட்சணம்

அந்த ஷீல்டு இன்னும் என் ஜெராக்ஸ் கடையில், பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் கிடக்கிறது. உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியம் இல்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. பெயரை வேறு பொறித்துத் தொலைத்திருக்கிறேன், இன்னொருவர் தலையில் கட்டவும் வழியில்லை.

கடை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். கண் தெரியாத கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்துக் காட்டவும், பரீட்சையில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதவும் ஆள் பிடித்துக் கொடுக்கிற சின்ன அறக்கட்டளை ஒன்று எங்களுடையது. நான் செயலாளர். பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். போன் அடிக்கிறவன், நாற்காலி எடுத்துப் போடுகிறவன், கடைசியில் நன்றியுரை சொல்கிறவன், எல்லாம் நானேதான். அந்த நன்றியுரையில்தான் எனக்குக் கொஞ்சம் சபலம். மைக் கைக்கு வந்துவிட்டால் வாய் என் பேச்சைக் கேட்காது.

பரீட்சை எழுதிக் கொடுப்பவரை ஸ்க்ரைப் என்பார்கள். எங்களிடம் இருந்தவர்களில் ஒருவர் டவுனிலேயே குடியிருக்கும் முஸ்லிம் பெண். கணவர் தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவர். சிறுமலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வரலாறு படித்த ஒரு பெண்ணுக்கு மூன்று வருடமாக அவர்தான் வாசித்தார், அவர்தான் எழுதினார். பஸ் காசு கொடுத்தால்கூட வாங்க மாட்டார். அந்தப் பெண் ஊருக்குப் போய் வரும்போது நாலு மலை வாழைப்பழம் கொண்டுவருவாள், அதை மட்டும் வாங்கிக்கொள்வார்.

இப்படிப்பட்ட ஒருவரைச் சும்மா விடலாமா? நன்றி விழா எடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன். எங்களுக்கு நாற்காலி, மின்விசிறி எல்லாம் வாங்கிக் கொடுத்த வடமதுரை அரிசி மண்டிக்காரர்தான் தலைமை. அவருக்குத் தோதான ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சிறுமலைப் பெண்ணின் கடைசிப் பருவப் பரீட்சைக்கு நடுவில் வந்தது. ஐந்து பேப்பரில் மூன்று முடிந்திருந்தது, இரண்டு பாக்கி.

"பரீட்சை முடியட்டும்ணே, அதுக்கப்புறம் என்னத்தையோ செய்யுங்க" என்று ஸ்க்ரைப் பெண்மணி சொன்னார்.

"செத்த நேரந்தாம்மா. வந்து ஒரு போட்டோவுக்கு நின்னுட்டுப் போயிரு" என்றேன். புரவலர் கிடைக்கும்போதே பிடித்துப் போட வேண்டும் என்பது என் கணக்கு.

விழா அமர்க்களமாக நடந்தது. அகரத்திலிருந்து ஒரு விவசாயி கூடை கூடையாகச் சம்பங்கி அனுப்பியிருந்தார். மண்டிக்காரருக்குப் பொன்னாடை போர்த்தியபோது மனிதர் குழந்தை மாதிரி சிரித்தார். அந்தப் பெண்மணிக்கு மண்டிக்காரரின் மனைவியை விட்டுப் போர்த்தச் சொன்னேன். முக்காட்டின் மேல் பொன்னாடை நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. அவர் ஒரு கையால் அதையும் மறு கையால் ஷீல்டையும் பிடித்துக்கொண்டு, எப்போது இறங்கலாம் என்பதுபோல் நின்றார். நான் மைக்கை விடுவதாக இல்லை.

"வெறும் பிளஸ் டூ படிச்ச இந்தத் தங்கச்சி இல்லேன்னா, முன் வரிசையில உக்காந்திருக்கே, அந்தப் பிள்ளை ஒரு பேப்பர்கூடப் பாஸாகியிருக்க முடியாது. அது வாங்குன ஒவ்வொரு மார்க்கும் இந்தக் கை போட்ட பிச்சை" என்றேன்.

கைதட்டல் அள்ளியது. எனக்குப் புல்லரித்துப் போனது. சிறுமலைப் பெண் மட்டும் கை தட்டவில்லை. மடியில் இருந்த மடக்குக் குச்சியைப் பிரிப்பதும் மடக்குவதுமாக இருந்தாள். ஸ்க்ரைப் பெண்மணி கீழே இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள். நாற்காலியில் பொன்னாடையும் ஷீல்டும் இருந்தன. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எடுத்து வைத்தேன். அந்த அளவுக்குத்தான் என் புத்தி வேலை செய்தது. வீட்டுக்கு வந்து பேச்சின் வீடியோவை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வேறு போட்டேன்.

மறுநாள் மதியம் கல்லூரியின் பரீட்சைப் பிரிவிலிருந்து போன். அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் என் கடையில் ஜெராக்ஸ் எடுப்பவர்கள், என் ஸ்டேட்டஸ் பார்ப்பவர்கள். அலுவலர் கேட்டது ஒரே கேள்விதான்.

"அந்தப் பொண்ணு பாஸானதுக்குக் காரணம் எழுதுன அம்மான்னு நீங்களே மேடை போட்டுச் சொல்றீங்க. அப்ப பதில் யாரோடது?"

பாக்கி இரண்டு பேப்பருக்கும் அந்த ஸ்க்ரைப் வரக்கூடாது, முடிந்த மூன்று பேப்பரையும் ரத்து செய்வதா என்று விசாரிக்கப் போகிறோம் என்றார். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது என்று எவ்வளவோ கெஞ்சினேன். பி.எட். சேர விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த பெண் அவள். மூன்று பேப்பர் ரத்தானால் அந்த வருடமே போச்சு. நல்லதுதானே சொன்னேன், அதில் எங்கே இந்த விஷம் கலந்தது என்று விளங்கவில்லை.

அன்று சாயங்காலமே ஸ்க்ரைப் வீட்டுக்குப் போனேன். உட்கார வைத்து டீ கொடுத்தார். கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை.

"பெருமையாத்தானம்மா பேசுனேன்."

"தெரியும்ணே. எனக்கு நன்றி சொல்றேன்னு அவ மார்க்க எடுத்து என் கையில குடுத்துட்டீங்க. நான் அத வச்சு என்ன செய்ய?"

"அப்ப உனக்கு எப்படித்தாம்மா நன்றி சொல்றது?"

"உங்கள யாருண்ணே கேட்டா?" என்றார். பிறகு அவரே சொன்னார். "ஒவ்வொரு பேப்பர் முடிஞ்சதும் வெளிய வந்து அந்தப் பிள்ளை என்னைய ஒண்ணு கேக்கும். 'அக்கா, இன்னைக்கு என் எழுத்து எப்டி இருந்துச்சு'ன்னு. என் எழுத்துன்னுதான் கேக்கும். நானும் 'உன் எழுத்துக்கென்ன, முத்து முத்தா இருந்துச்சு'ன்னு சொல்லுவேன். மூணு வருசமா அம்புட்டுத்தான் எங்களுக்குள்ள."

பொன்னாடை போர்த்தினால் ஒருத்தருக்கு முகம் மலர்கிறது, இன்னொருத்தருக்குக் குடியே கெடுகிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று வண்டியில் வரும் வழியெல்லாம் மண்டையைக் குடைந்தது.

அடுத்த நாள் காலையில் சிறுமலைப் பெண் குச்சியைத் தட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், "சார், ஒரு லெட்டர் எழுதணும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்றாள். வெள்ளைத் தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன்.

அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், நான் எழுதினேன்: மூன்று பேப்பரிலும் பதில் சொன்னது நான். இரண்டாவது பேப்பரில் ஒரு கேள்விக்கு வருடத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். சரியான வருடம் அக்காவுக்குத் தெரியும், முதல் நாள் எனக்கு அதை வாசித்துக் காட்டியதே அவர்தான். இருந்தும் நான் சொன்ன தப்பைத்தான் எழுதினார். வேண்டுமானால் விடைத்தாளை எடுத்துப் பாருங்கள்.

கடை வாசலில் மனு எழுதிக் கொடுத்துப் பழகிய கை, முடிக்கும்போது அதுபாட்டுக்கு ஒரு வரியைச் சேர்த்துவிட்டது.

"வாசிங்க சார்" என்றாள்.

வாசித்தேன். "ஆகவே ஐயா அவர்கள் பார்வையற்ற ஏழை மாணவியாகிய என்மேல் இரக்கம் காட்டி" என்று வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இது நான் சொல்லலையே."

"இப்படிப் போட்டாத்தாம்மா ஆபீஸ்ல எடுபடும்."

"எடுபடுதோ இல்லையோ, நான் சொன்னத மட்டும் எழுதுங்க சார். அக்கா அப்டித்தான் எழுதும்."

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதினேன். பத்து வரி. ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காமல், ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. இதைத்தான் அந்தப் பெண்மணி மூன்று மணி நேரம், ஒவ்வொரு பேப்பருக்கும் செய்திருக்கிறார். தெரிந்த பதிலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவள் சொன்ன தப்பை அழகாக எழுதியிருக்கிறார். அதற்கு நான் மேடையில் என்ன பெயர் வைத்தேன் என்று நினைத்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கையெழுத்தை அவளே போட்டாள். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் காட்டினேன்.

அலுவலர் விடைத்தாளை எடுத்துப் பார்த்திருக்கிறார். தப்பு வருடம் அவள் சொன்ன இடத்தில் அப்படியே இருந்தது. மூன்று பேப்பரும் பிழைத்தன. ஆனால் பாக்கி இரண்டுக்கும் வேறு ஆள்தான் எழுத வேண்டும், இவ்வளவு பேச்சு கிளம்பிய பிறகு மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தான்தான் என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. கல்லூரியே ஒரு முதலாம் ஆண்டு மாணவியை ஏற்பாடு செய்தது.

பாக்கி இரண்டில் முதல் பேப்பர் அன்று, மனசு கேட்காமல், பரீட்சை முடிகிற நேரத்துக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். கல்லூரி வாசலில் வேப்ப மரத்தடியில் ஸ்க்ரைப் பெண்மணி ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். எழுத விடாவிட்டாலும் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். ஷீல்டு என் வண்டிப் பெட்டிக்குள் இருந்தது. எதற்கு எடுத்துவந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னேன். "ஆமாண்ணே" என்றார்.

மணி அடித்தது. புது ஸ்க்ரைப் வாசல்வரை சிறுமலைப் பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். பழைய ஸ்க்ரைப் பெண்மணி பேசாமலே போய்க் கையைப் பிடித்தார். தொட்டதுமே யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வழக்கமான கேள்வியை அவள் கேட்கவில்லை. இவரே கேட்டார்.

"இன்னைக்கு உன் எழுத்து எப்டிம்மா இருந்துச்சு?"

"தெரியலக்கா. யாரும் சொல்லல."

நான் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.