கோடாங்கி கேட்ட பேர்

இது நடந்தது. விளாங்குடியில், பட்டப்பகலில், வீடு நிறைய ஆள் இருக்கும்போது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

தாமரைச்செல்வியின் அப்பா கருத்தக்கண்ணன் சித்திரையில் இறந்தார். கடைசி மூன்று வருஷம் மறதி நோய். மூளை சுருங்குகிறது என்றார்கள். மகள் பேர் மறந்தது, ஊர் மறந்தது, கடைசியில் தன் பேரே மறந்தது. குளிப்பாட்டி ஊட்டிவிட்டு, அவரே உலகம் என்று இருந்தாள் மகள். அவர் போன பிறகும் அவர் இருமல் அவளுக்குக் கேட்டது. தானாகவே மனநல டாக்டரிடம் போனாள். "துக்கத்துல மூளை அப்படிக் கேக்க வைக்கும்மா" என்று மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது. இருமல் நிற்கவில்லை.

சித்தப்பா முத்திருளன் மாத்திரையை விட உடுக்கையை நம்புகிற மனுஷன். "அண்ணன்தான் புள்ளயப் பிடிச்சிருக்காரு" என்று பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டி வந்துவிட்டார்.

"என் தலைக்கு மாத்திரை திங்கிறேன் சித்தப்பா. எங்கப்பாவைத் தொரத்த நீங்க யாரு?"

யார் கேட்டார்கள்? பிடித்து உட்கார வைத்தார்கள்.

உச்சி வெயில். கோடாங்கி ஒரு கையில் உடுக்கை அடித்தபடி, மறு கையால் அவள் உச்சிமுடியைப் பிடித்தார். வந்திருக்கும் ஆவி தன் பேரைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் முடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்து அதைக் கட்டலாம்.

"யாரு நீ? பேரச் சொல்லு!"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தாள்.

"சொல்லு!"

மூலையில் அப்பாவின் நாற்காலி. காலிதான். அதன் கால் தரையில் இழுபட்டது... கிறீச்...

இருமல்.

இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

"பேரா...? என்னமோ சொல்லுவாகளே... வரமாட்டேங்குதே..."

தாமரையின் வாய் மூடியே இருந்தது.

உடுக்கை நின்றது.

கோடாங்கி முடியை விட்டார். "பேரு தெரியாததைக் கட்ட முடியாதுத்தா" என்று எழுந்தார்.

தாமரை கூந்தலை அள்ளி முடிந்தாள். "கேட்டுச்சில்ல? இனி எவனும் எங்கப்பாவைத் தொரத்த வரக்கூடாது" என்றாள். குரல் தாழவில்லை.

மறுவாரம் தனியாகத்தான் டாக்டரிடம் போனாள். எல்லாம் சொன்னாள். மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார் அவர். வெளியே வந்தால், டோக்கன் கொடுக்கும் ரோகிணி கோபமாக நின்றாள்.

"ஏங்க்கா, மறதிக்காரப் பெரியவரைத் தனியா விட்டுட்டா உள்ள போவீங்க? ரெண்டு தரம் ரோட்டுக்குப் போயிட்டாரு. நான்தான் பிடிச்சு உக்கார வச்சேன். கை என்னக்கா அம்புட்டு சில்லுன்னு இருக்கு?"

பெஞ்சு காலியாக இருந்தது.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. கண்டக்டர் அவளுக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

"அண்ணே, காசுக்கு இன்னொண்ணு குடுங்க" என்றாள் தாமரை, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி. "கூட எங்கப்பா வாராரு."