கேட்டை இருந்தபடியே விட்டவர்

வித்திகாட் ஊரில் கிளெமென்ட் ஹெம்ப்ரோவுக்கு வழி தெரியாது என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக ஒரு வாய் தேநீர் குடித்துவிட முடியாது. மனிதர் முப்பத்திரண்டு வருடம் பால் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளே, லாரி போகாத இடமாகப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அப்படி அவர் கண்டுபிடித்ததுதான் அந்த ஏழு மைல் வட்டம். கண்டுபிடித்தது என்பது அவர் வார்த்தை. அந்தத் தடத்தில் மாடுகள் முந்நூறு வருடமாகப் போய்வருகின்றன என்று அவர் மனைவி மியூரியல் சொல்வாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

வட்டம் ஆரம்பிப்பதும் முடிவதும் ஒரே கேட்டில். ஊர்ச்சந்தின் கோடியில் இருக்கும் அந்தக் கேட்டைத் திறந்தால் ஆட்ரி கெய்ர்லின் மேய்ச்சல் நிலம். அதற்குள் நுழைந்து இடப்பக்கம் திரும்பி, வில்லோ மரங்களின் ஓரமாகவே போனால் தாழ்நிலம் வந்துவிடும். காலடியில் கரிமண் மெத்தென்று அமுங்கும். ரீன் என்று ஊரார் சொல்லும் வாய்க்கால்கள் நாலா பக்கமும் பச்சையாகப் படர்ந்து நிற்கும். தண்ணீர் எது, புல் எது என்று காலை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்படியே சுற்றிக்கொண்டு, கோதுமை வயல் வழியாக, அதே மேய்ச்சல் நிலத்துக்கு வலப்பக்கமாகத் திரும்பி வர வேண்டும். கடிகார முள் போகிற திசையில்தான் நடக்க வேண்டும், அதில் பேச்சே கிடையாது. எதிர்த்திசையில் போனால் காற்று முகத்தில் அடிக்கும், நாரை முதுகைக் காட்டும் என்பது அவர் கட்சி.

இன்னொரு சட்டமும் உண்டு. கேட் திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ. இது அந்தப் பக்கத்து நாட்டுப்புறத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கிளெமென்ட் மட்டும் அதைத் தேவாலயத்தில் சத்தியம் செய்கிற மாதிரி சொல்வார்.

ஆட்ரியின் நிலத்துக்குள் கால் வைக்க ஊராருக்கு எந்த உரிமையும் கிடையாது. போனால் போகிறதென்று அவள் விட்டிருந்தாள், அவ்வளவுதான். அவள் கேட்டைப் பூட்டிவிட்டால், லாரிகள் பறக்கிற பெரிய சாலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மைல் நடந்துதான் தாழ்நிலத்தைத் தொட முடியும். அதை வட்டம் என்று சொல்ல கிளெமென்டுக்கே வாய் வராது.

மே மாதத்து முதல் ஞாயிறு ஊர் நடை. அந்த வருடம் பதினான்கு பேர். எல்லாம் ஒழுங்காகத்தான் முடிந்தது. திரும்பி வரும்போது கேட் விரியத் திறந்து கிடந்தது. வருடா வருடம் கூட நடக்கும் பெர்சி போகிற போக்கில் அதைச் சாத்தப் போனார்.

"ஏய் பெர்சி, கையை எடு!" என்று கிளெமென்ட் ஒரு அதட்டல் போட்டார். "திறந்து கெடக்குதுன்னா ஆட்ரி ஏதோ காரணமாத்தான் தெறந்து வெச்சிருப்பா. இத்தனை வருஷமா என்கூட நடந்து என்னத்தக் கத்துக்கிட்ட நீ?"

பெர்சி கையை எடுத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து, பதினொரு கிடாரிகள் அந்தக் கேட் வழியாக வரிசையாக ஊருக்குள் வந்தன. தேவாலயத்துப் பூச்செடிகளை மேய்ந்தன. ஒன்று ரீனில் விழுந்து கழுத்துவரை சேற்றில் சிக்கிக்கொண்டது. பாதி ஊர் கயிறு பிடிக்க, ஆட்ரி டிராக்டரை வைத்து இழுக்க, அந்த ஜீவன் கரையேறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சனிக்கிழமை காலை ஊர் மண்டபத்தில் கூட்டம். ஆட்ரி சேற்று பூட்ஸோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவளும் கிளெமென்டும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"ரெண்டே வார்த்தை சொல்றேன்," என்றாள். "அன்னைக்கு மத்தியானம் பிரிஸ்டல்லேர்ந்து ஒரு கூட்டம் அந்தப் பக்கமா நடந்து போச்சு. அவங்க வேலைன்னா, தெரியாத்தனம். ஒரு பலகை எழுதி மாட்டிடறேன், தீந்துது. நம்ம ஊர் ஆளு செஞ்சதுன்னா மன்னிக்கவே மாட்டேன். தெரிஞ்சே செஞ்சதாத்தான் அர்த்தம். இன்னையோட கேட்டுக்குப் பூட்டு."

"நம்ம ஆளா? சான்ஸே இல்ல!" என்று கிளெமென்ட் எழுந்தார். "எல்லாம் அந்தப் பட்டணத்து ஆளுங்க. நான் நிரூபிச்சே காட்டறேன்."

கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட ஆரம்பித்தார். மியூரியல் பக்கத்தில் இருந்தவளிடம், "வீட்ல மேசைத்துணியிலகூட ஜாம் கத்தியால இதைத்தான் வரைவாரு," என்று முணுமுணுத்தாள்.

"இதோ பாருங்க, இதுதான் கேட். காலைல நாங்க வரும்போது மூடியிருந்தது. நான்தான் தெறந்தேன். எல்லாரும் உள்ள வந்தாங்க. குவென் மட்டும் பூட்ஸ் லேஸ் கட்டிக்கிட்டுப் பின்னாலயே நின்னா. சரி வரட்டும்னு, கேட்டைத் தெறந்தபடியே கயித்தால வேலிக் கம்பத்தோட சேத்துக் கட்டி வெச்சிட்டு, நான் நாரையைக் காட்டறதுக்காக முன்னால போனேன். அப்புறம் வில்லோ வரிசை, வாய்க்கால், கோதுமை வயல்..."

சாக்பீஸ் சுற்றிக்கொண்டு வந்தது. புறப்பட்ட புள்ளிக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றுவிட்டது.

கடைசியாக உள்ளே வந்தவள் குவென். கேட் திறந்து கட்டியிருப்பதைப் பார்த்தாள். திறந்திருந்தால் திறந்தபடி விடு. அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தாள். மூன்று மணி நேரம் கழித்து அவர் வந்தார். தான் திறந்த கேட்டைத் தானே பார்த்து, ஆட்ரி திறந்தது என்று நினைத்து, மூடப் போனவரையும் திட்டிவிட்டு வந்திருக்கிறார்.

கிளெமென்டின் காது மடல் சிவந்தது. 'அப்புறம் கட்டை அவிழ்த்து மூடிவிட்டேன்' என்று ஒரு வரி சொன்னால் போதும். இந்த ஊரில் அவர் பேச்சை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? வட்டம் பிழைத்துவிடும். உண்மையைச் சொன்னால் பதினோரு வருட வட்டம் இந்த நிமிடமே போச்சு. மூன்றாம் வரிசையில் குவென் வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கும் உறைத்துவிட்டது. ஆனால் பாவம், பழி முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்திருக்கப் போனாள். "நீ உக்காரு குவென்," என்றார் கிளெமென்ட். பிறகு சாக்பீஸை வைத்துவிட்டு ஆட்ரியைப் பார்த்தார்.

"பிரிஸ்டல்காரங்க இல்ல. கட்டினவன் நான். அவுக்க மறந்தவனும் நான். பெர்சி மூடப் போனாரு, வேணாம்னு தடுத்ததும் நான்தான்."

பெர்சிக்கு முகமெல்லாம் பல். வருடக்கணக்கில் வாங்கிய அதட்டலுக்கு இந்த ஒரு நிமிடம் போதும் அவருக்கு.

ஆட்ரி எழுந்தாள். "சொன்ன சொல்லை மாத்தற பழக்கம் எனக்குக் கெடையாது, கிளெமென்ட்."

"தெரியும் ஆட்ரி."

"ஊர் ஆளு செஞ்சா மன்னிக்க மாட்டேன்னேன். மன்னிக்கல. பூட்டுன்னும் சொன்னேன்." கொஞ்சம் யோசித்தாள். "நீதான் பூட்டு. அடுத்த வருஷம் எல்லாரும் நடக்கட்டும். நீ மட்டும் நடக்கக் கூடாது. கேட்டுகிட்ட உக்காந்து, போறப்ப மூடணும், வர்றப்ப தெறக்கணும். ஒரு மாடு வெளிய வந்துச்சுன்னா உன்னைப் புடிச்சு ரீன்ல தள்ளுவேன்."

"அப்ப நடையை யாரு கூட்டிட்டுப் போவாங்க?" என்று கிளெமென்ட் பதறினார். கிடாரி ரீனில் விழுந்தபோதுகூட அவர் இப்படிப் பதறவில்லை.

"நான் போறேன்," என்றாள் மியூரியல். "வழியென்ன, ராத்திரி தூக்கத்துல நீ ஒப்பிக்கறதே போதும்."

அடுத்த மே மாதம், ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடுவை தேநீர், சீஸ் வைத்த ரொட்டி சகிதம் கிளெமென்ட் கேட்டடியில் உட்கார்ந்தார். இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். அவர் காவல் காப்பதைப் பார்க்கவே பாதிப்பேர் வந்திருப்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே விட்டார். பெர்சி வேண்டுமென்றே இரண்டு தடவை போய்வந்தார். கடைசியாகக் குவென் வந்தாள்.

"லேஸ் கட்டியாச்சா?" என்றார்.

"வீட்லயே கட்டிட்டேன், மிஸ்டர் ஹெம்ப்ரோ," என்று சிரித்தாள்.

கேட்டை மூடினார், கொக்கியைப் போட்டார், இழுத்துப் பார்த்தார், மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் கூட்டம் கண்ணுக்கு மறைந்திருந்தது. பிறகு மூன்று மணி நேரம் அவர்கள் திரும்பி வரவேண்டிய வலப்பக்கத்தையே, கோதுமை வயல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குமுன் இந்த வட்டத்துக்கு வெளியில் உட்கார்ந்து அது முடிவதற்காகக் காத்திருந்ததே கிடையாது. வலித்தது.

சிரிப்புச் சத்தம் இடப்பக்கமிருந்து கேட்டது. திரும்பினார். வில்லோ மரங்களின் ஓரமாக மியூரியல் முன்னால் வர, இருபத்தாறு பேரும் வந்துகொண்டிருந்தார்கள்.

"எதிர்த்திசையிலயா சுத்துனீங்க?" என்று கத்தினார்.

"ஆமா. காத்து முதுகைத் தள்ளுச்சு, நாரை மூஞ்சியக் காட்டுச்சு," என்றாள் மியூரியல். "இத்தனை வருஷமா எங்களைத் தப்பாச் சுத்த வெச்சிருக்க, கிளெமென்ட். இப்ப கேட்டைத் தெற, காலு வலிக்குது."

அவர் கேட்டைத் திறந்தார். எல்லாரையும் எண்ணி வெளியே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் மூடினார்.