ரேடியோ அக்கா போட்ட பூட்டு

அந்தச் சலவைக் கடையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கும் அம்மாளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்னவோ, யாருக்கும் ஞாபகம் இல்லை. ரேடியோ அக்கா என்றால்தான் தெரியும். காலையில் ஷட்டர் தூக்கும்போது திறக்கிற வாய், சாயங்காலம் ஷட்டர் இறங்கும்போதுதான் மூடும். வீட்டுக்காரரின் குறட்டை, மகளின் கணக்குப் பரீட்சை, வீட்டுப் பூனை போட்ட குட்டி, எல்லாமே ஒலிபரப்பாகிவிடும். "அக்காகிட்ட சொல்றதும் ஒண்ணு, மைக் போட்டுச் சொல்றதும் ஒண்ணு" என்பார் இஸ்திரிக்காரர். அதற்கும் அக்கா சிரிப்பாள்.

ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. வந்த துணியை எண்ணி, ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்ப்பது அக்காவின் வேலை. மனுஷர்கள் பாக்கெட்டில் என்னதான் வைக்கமாட்டார்கள்! விழுந்த பால்பல், ஒற்றைத் தோடு, சதுரங்கக் குதிரை, பாதி கடித்த பிஸ்கட். (இதெல்லாம் நானாக ஊகித்துச் சொல்வது, அக்கா சொன்னதில்லை.) எது கிடைத்தாலும் சின்னக் கவரில் போடுவாள், ஸ்டேப்ளர் அடிப்பாள், மேலே கிழமையையும் துணியையும் எழுதித் துணியோடு கொடுத்துவிடுவாள். பத்தொன்பது வருஷத்தில் யார் பாக்கெட்டில் என்ன இருந்தது என்று ஒரு ஈ காக்காயிடம்கூடச் சொன்னதில்லை. அவள் போட்ட சத்தத்தில் இதை யாரும் கவனிக்கவும் இல்லை.

போன வருஷம் கடைக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. ஆர்டரெல்லாம் இப்போது ஆன்லைன் கணக்கில்தான். யார் வீடு எங்கே, எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள், எந்த வாரம் வெளியூர், எல்லாம் அதற்குள். முதலாளி அதற்கு வைத்திருந்த பாஸ்வேர்டு என்ன தெரியுமா? மகள் பேரும் பிறந்த வருஷமும். அந்த மகளின் படத்தைப் பேரும் தேதியுமாகச் சட்டம் போட்டு கல்லாவுக்கு மேலேயே மாட்டியிருந்தார் மனுஷர்! பூட்டைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதைதான். எவனோ உள்ளே புகுந்து, "கடையை மூடிவிட்டோம்" என்று அத்தனை வாடிக்கையாளர்களுக்கும் செய்தி அனுப்பிவிட்டான். வீடு வீடாக ஏறி இறங்கி, "ஐயா, கடை திறந்துதாங்க இருக்கு" என்று சொல்லி அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது யார்? அக்காதான். கால் வீங்க இரண்டு மாசம் நடந்தாள்.

அடுத்த மாசம் முதலாளிக்கு முட்டியில் ஆபரேஷன். அதற்கப்புறம் ஆறு மாசம் கடைப்பக்கம் வரமுடியாது. கடையையும் கணக்கையும் யார் பொறுப்பில் விடுவது? அக்காவுக்கு அந்தப் பொறுப்பு வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு மர நாற்காலி இருக்கிறதே, அதில் உட்கார வேண்டும். பத்தொன்பது வருஷம் நின்றே வேலை பார்த்தவளின் ஆசை அது, லேசில் அடங்குமா?

"வேலையெல்லாம் உனக்கு அத்துப்படிம்மா. ஆனா உன் வாய்..." என்று இழுத்தார் முதலாளி.

அவருடைய மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். கம்ப்யூட்டர் படித்தவர். நல்ல பிள்ளைதான், அலட்டல்தான் கொஞ்சம் கூட. "மாமா, அக்கா என்ன பாஸ்வேர்டு வெச்சாலும், இந்த டீ ஆறுறதுக்குள்ள நான் கண்டுபிடிச்சிடுவேன்" என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "எங்கே, கண்டுபிடிங்க தம்பி, பார்க்கலாம்!"

வாய் கொடுத்தாகிவிட்டது. ஆளுக்கொரு ஒத்திகைக் கணக்கு திறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் ஒருவர் பூட்டை மற்றவர் உடைக்க வேண்டும். "யார் பூட்டும் உடையலைன்னா மாப்பிள்ளைக்குத்தான். வீட்டு மனுஷனாச்சே" என்றார் முதலாளி. அதாவது, சமமானாலே அக்காவுக்குத் தோல்வி.

அன்று வீட்டுக்குப் போய்க் காய் நறுக்கிக்கொண்டே யோசித்தாள். வீட்டுக்காரர் பேரா? ஊருக்கே தெரியும். கல்யாணத் தேதியா? போன மாசம்தான் கடை முழுக்கச் சொன்னாள். பூனை பேர், பிடித்த கலர், பள்ளிக்கூடத்தில் விழுந்து பல் உடைந்தது... "அடிப்பாவி, ஒண்ணு பாக்கி வைக்காம எல்லாத்தையும் ஒலிபரப்பிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எழுந்து மகளின் யூனிஃபார்மைத் துவைக்க எடுத்தாள். பழக்கதோஷம், கை தானாகப் பாக்கெட்டுக்குள் போயிற்று. போன கை அப்படியே நின்றது. அவள் வாயைவிட்டு வெளியே வராத சமாச்சாரமும் இருக்கிறதே! ஒன்றா இரண்டா, பத்தொன்பது வருஷச் சமாச்சாரம்!

நாலு வேறு வேறு வருஷத்தில் நாலு பேர் பாக்கெட்டில் கிடைத்த நாலு பொருள்கள். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் ஒட்டு உறவு கிடையாது. வரிசையாகக் கோர்த்தாள். நீளமோ நீளம். ஆனால் அவளுக்கு மறக்காது, பொருளை நினைத்தால் அந்த ஆளின் முகமே வந்து நிற்கும். அவை என்னென்ன என்று என்னைக் கேட்காதீர்கள். மேலே நான் சொன்னவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை என்று மட்டும் கேள்வி.

மறுநாள் மாப்பிள்ளை டீயோடு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் பேர், மகள் பேர், பூனை பேர், ரேடியோ, ரேடியோவோடு எண். ஐந்து தடவை தப்பானால் கணக்கு அரைமணி நேரம் சாத்திக்கொள்ளும். டீயில் ஆடை படிந்தது. பிறகு நைஸாகப் பேச்சுக் கொடுத்தார். "அக்கா, சின்ன வயசுல எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" அக்கா பள்ளிக்கூடம், வாத்தியார், உட்கார்ந்த பெஞ்ச் உட்பட அத்தனையும் சொன்னாள். அத்தனையையும் போட்டுப் பார்த்தார். ஊஹும், அசையவில்லை.

அவருடையது கம்ப்யூட்டரே போட்டுக்கொடுத்த இருபது எழுத்துப் பாஸ்வேர்டு. "எனக்கே வாயில நுழையாது!" என்று பெருமை வேறு.

புதன்கிழமை அவருடைய நீலக் கால்சட்டை சலவைக்கு வந்தது. வலது பாக்கெட்டில் நாலாக மடித்த காகிதம். வெளிமடிப்பில் கொட்டை எழுத்தில் "போட்டி பாஸ்வேர்டு" என்று தலைப்பு! வாயில் நுழையாததை எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார் மகராசன்.

ஒரு மடிப்பு பிரித்தால் போதும், நாற்காலி அவளுடையது. பாக்கெட்டில் கிடைத்ததைப் பார்க்கக் கூடாது என்று போட்டியில் யாரும் சொல்லவில்லையே? கால் வீங்க நடந்தவள் அவள்தானே? மெஷின் ஒரு சுற்று ஓடி முடியும்வரை காகிதத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பிறகு கவரில் போட்டாள். ஸ்டேப்ளர் அடித்தாள், ஒன்றுக்கு இரண்டாக. "புதன். நீலக் கால்சட்டை. வலது பாக்கெட். காகிதம் ஒன்று" என்று எழுதினாள். கண் கலங்கிவிட்டது. அன்று மதியம்வரை ரேடியோ பாடவில்லை. "என்னக்கா, கரண்ட் போச்சா?" என்று இஸ்திரிக்காரர்கூடக் கேட்டார்.

சாயங்காலம் மாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்தார். "இந்தாங்க தம்பி, பாக்கெட்டுல இருந்தது" என்று கவரை நீட்டினாள். அவர் இரண்டு ஸ்டேப்ளர் பின்னையும் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கவரைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சனிக்கிழமை எல்லாரும் கல்லா முன்னால் கூடினார்கள். இரண்டு பூட்டும் உடையவில்லை. "அப்ப பேசினபடி மாப்பிள்ளைக்குத்தான்" என்றார் முதலாளி.

"சரிங்க முதலாளி" என்று அக்கா துண்டுகளை மடிக்கத் திரும்பினாள்.

"மாமா, ஒரு நிமிஷம்." மாப்பிள்ளை பையிலிருந்து அந்தக் கவரை எடுத்து மேஜையில் வைத்தார். பின் கழற்றாமல் அப்படியே இருந்தது. "என் பாஸ்வேர்டு இதுக்குள்ள இருக்கு. என் மடத்தனம், பேண்ட்டோட சலவைக்குப் போட்டுட்டேன். புதன்கிழமையே அக்கா கைக்குப் போயிடுச்சு. ஆனா இன்னிவரைக்கும் என் கணக்குல யாரும் நுழையலை, பார்த்துட்டேன். அவங்க பேசினதையெல்லாம் வெச்சு நான் நூறு தடவை முட்டிப் பார்த்தேன், மாமா. அவங்க கையில கிடைச்சதைப் பிரிக்கக்கூட இல்லை. நான் தோத்துட்டேன்."

முதலாளி கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"அது பாக்கெட்டுல இருந்தது, முதலாளி."

முதலாளி நொண்டிக்கொண்டே போய், மர நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். "உட்காரும்மா. ஆறு மாசம் இல்லை, இனிமே இது உன் இடம்." மாப்பிள்ளைதான் முதலில் கை தட்டினார். அக்கா உட்கார்ந்தாள். சாய்ந்துகொண்டாள். சந்தோஷம் தாங்காமல் ஒரு நிமிஷம் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்புறம் ரேடியோவை யார் நிறுத்துவது? டீயில் ஆடை படிந்தது, பூனை பேர் போட்டது, பெஞ்ச் வரை விசாரித்தது, எல்லாவற்றையும் நாற்காலியில் இருந்தபடியே இரண்டு தடவை சொன்னாள். மாப்பிள்ளையே விழுந்து விழுந்து சிரித்தார்.

"போட்டிதான் முடிஞ்சு போச்சே அக்கா, அந்தப் பாஸ்வேர்டு என்னன்னு இப்பவாவது சொல்லேன்" என்றார் இஸ்திரிக்காரர்.

கடையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த மூட்டையை அவிழ்த்து, முதல் சட்டையின் பாக்கெட்டுக்குள் கைவிட்டாள்.