சம்பந்தி வீட்டுக்குப் போன துக்கம்

ராக்கெட் கடலில் விழுந்த செய்தியைப் பள்ளியின் ஆசிரியர் அறையில், வானொலியில் கேட்டேன். தொண்ணூறுகளின் முதல் பாதி அது. கல்லூரி முடித்த நாளிலிருந்து என் மகன் அந்த ராக்கெட்டின் ஒரு சிறு பாகத்துக்காகத்தான் உழைத்துக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் ஏறியதாம், பாதி வழியில் தடுமாறிவிட்டதாம். செய்தி வாசித்தவர் அடுத்த மூச்சில் மழை நிலவரத்துக்குப் போய்விட்டார். நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போய் ஒளிவிலகல் நடத்தினேன். என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் போன் கிடையாது. பக்கத்து மோட்டார் பட்டறையின் போனுக்குத்தான் அவன் பேசுவான். அன்று பேசவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைந்ததற்கே தனியாகக் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்திருந்தவன் அவன். அந்தக் கிணற்று மேட்டைத் தவிர எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் தெருவுக்கு இது புதுத் துக்கம். எப்படி விசாரிப்பது என்று தெரியாமல், தெரிந்த முறையிலேயே விசாரித்தார்கள். எதிர்வீட்டு அம்மா வெறுங்கையோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். போகும்போது, இழவு வீட்டிலிருந்து கிளம்புவதுபோல, ‘வாரேன்’ என்று சொல்லாமல் எழுந்து நடந்தார்.

“ஏனுங்க, எம்பையன் உசுரோட இருக்கறானுங்க! சொல்லிப்போட்டுப் போங்க!” என்று வாசல்வரை ஓடினேன்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார். மறுபடி உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்து, “வாரேனுங்க டீச்சர்” என்று முறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் பட்டறைக்காரர். “எங்க மோட்டாரு மொத ஓட்டத்துல எரியாத நாளே இல்லீங்க. எரிஞ்ச கம்பிக் காயில மாத்திக் கட்டி மறுக்கா ஓட்ட வேண்டியதுதானுங்க” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “தம்பி நேத்து உடுமலைல மாமனாரோட டீக்கடைல நின்னுட்டிருந்துச்சு. உங்ககிட்டச் சொல்லியிருக்கும்னு நெனச்சனுங்க.”

உயிர் வந்தது. வந்த வேகத்திலேயே வயிறு எரிந்தது.

மருமகள் தலைப்பிரசவத்துக்காக உடுமலைப்பேட்டையில் தாய் வீட்டில் இருந்தாள். பெண்டாட்டி இருக்கிற இடத்துக்குப் புருஷன் போனதில் என்ன தப்பு என்று என் கணவர் கேட்டார். தப்பில்லைதான். ஆனால் ஏவுதளத்திலிருந்து மெட்ராஸ் வந்து ஏறுகிற ரயில் கோயம்புத்தூரில்தானே நிற்கும்? இங்கே இறங்கி, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல், உக்கடத்துக்குப் போய் உடுமலை பஸ் ஏறியிருக்கிறான். ராக்கெட் ஏன் மேலே போகிறது என்று ஊதின பலூனைப் பறக்கவிட்டு அவனுக்குக் காட்டியவள் நான். சம்பந்தியம்மாவோ டிவியில் ராக்கெட் காட்டினால் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறவர்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன்.

தோப்பு வீடு. மருமகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் மகன் மாமனாரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். சம்பந்தியம்மா பக்கத்துத் தோப்புக்காரரோடு நடக்கும் வேலித் தகராறைச் சொல்லிக்கொண்டிருந்தார். தென்னை மரம் மூன்று யாருடையது என்ற வழக்கு. அவன் ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்தான். தாடி முளைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“வாங்க சம்பந்தி! என்னங்க, சொல்லாமக் கொள்ளாம?”

“எம்பையனப் பாக்கறதுக்குச் சொல்லிப்போட்டு வேற வரோணுங்களா?”

“அதென்ன அப்படிச் சொல்லிப்போட்டீங்க? நாங்க என்ன கட்டியா வெச்சிருக்கறோம்?”

நான் அவன் பக்கம் திரும்பினேன். “என்னாச்சு கண்ணு? எந்தக் கட்டத்துல போச்சு? உன்ற பாகந்தானா?”

பிசைந்த கை நின்றுவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு தோப்புக்குள் போனான்.

சம்பந்தியம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். “அதை மட்டும் கேக்காதீங்க. மாப்பளையோடது சரியாத்தான் ஓடுச்சாமாங்க. அது தெரிஞ்சதும் ‘அப்பாடா’ன்னு ஒரு சிரிப்பு வந்துபோட்டுச்சாமா. பக்கத்துல இருந்தவரு மேசையில தலைய வெச்சு அழுதுட்டு இருந்தாராமா. தப்பு தன்னோட பாகத்துலதான் இருக்கும்னு அவருக்குப் பயம். ஒண்ணா உண்டு ஒண்ணாத் திரிஞ்ச சிநேகிதராமா. தலையத் தூக்குனவரு அந்தச் சிரிப்பப் பாத்துப்போட்டாருங்க. அதுலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லையாமா. மாப்பளைக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “உங்ககிட்டச் சொல்லலீங்களா?”

“சொன்னான், சொன்னான்” என்றேன்.

செய்தித்தாளில் ராக்கெட்டின் விலை வந்திருந்தது. இது வரவில்லை. அழுத அந்தப் பையன் எந்த வீட்டுக்குப் போனானோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அன்று அப்படி நினைக்கவில்லை. என் மகனின் பாரத்தை இன்னொருத்தி வாங்கி வைத்துக்கொண்டு எனக்கு எடுத்துக் காட்டுகிறாளே என்றுதான் இருந்தது.

தோப்பில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவனே ஆரம்பித்தான். “அத்தை சொல்லியிருப்பாங்களே.”

“ம்.”

“உன்கிட்டச் சொன்னா நீ வெளக்கம் சொல்லுவம்மா. அது மனுச இயல்பு, அப்படி இப்படின்னு. அத்தைகிட்டச் சொன்னா ‘ஐயோ பாவம்’னு சொல்லிப்போட்டு வேலித் தகராறுக்குப் போயிருவாங்க.”

மனித இயல்பு என்பது உண்மையிலேயே என் நாக்கு நுனியில்தான் இருந்தது. விழுங்கினேன். வேறு ஒன்றும் தோன்றாமல், “அந்த மூணு மரமும் யாரோடதாமா?” என்று கேட்டேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை. முகத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “பசிக்குதும்மா” என்றான்.

உள்ளே வந்து உட்கார்ந்தான். ரசக் கரண்டியோடு சம்பந்தியம்மா குனிந்தார். நான் அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

“இருங்க சம்பந்தி, நான் ஊத்தறனுங்க.”

அவன் சாப்பிட்டான். இன்னொரு தடவையும் தட்டை நீட்டினான்.

“எங்க ஊட்டு ரசம்னா மாப்பளைக்கு அப்படிங்க” என்றார் அவர்.

“ரசம் உங்களுதுங்க. ஊத்தறது நானுங்க” என்றேன்.

அவன் எதுவும் காதில் விழாதவன்போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.