கோச்சுக்காக உயர்த்திய கை

முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை ஆறு மணிக்கு வேலைக்கு ஏறினால் இரண்டு மணி வரைக்கும் நின்ற நிலைதான். முடிந்து வெளியே வரும்போது கால் இரண்டும் வேறு யாருடையவோ போல இருக்கும். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தேன். பிளேஸ்டோவில் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் லண்டனின் மறு கோடியில், மோர்டனில், பழைய மாணவர் சங்கத்தின் கூட்டம் இருந்தது. எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணிக்கு அடுத்த கோச் யார் என்று முடிவெடுக்கிற கூட்டம்.

கல்லூரி இருப்பது யாழ்ப்பாணத்தில். முடிவெடுக்கிற நாங்கள் இருப்பது லண்டனில். பந்து, உடுப்பு, கோச்சின் செலவு எல்லாவற்றையும் லண்டன் கிளை பார்த்துக்கொள்வதால், நாங்கள் ஒரு பெயரை எழுதி அனுப்பினால் அதிபர் மறுப்பதில்லை. இது பல வருடமாக இப்படியே நடக்கிறது. இதில் ஒரு விநோதம் இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் பட்டதில்லை.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு அழைப்பு வந்திருந்தது. அழைத்தவன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். இப்போது கல்லூரி அணியின் தற்காலிகக் கோச்.

"மச்சான், சனிக்கிழமை கூட்டமாம். போறியோ?"

"போவன்."

"மூண்டு வருசமா தற்காலிகம் எண்டு எழுதித்தான் கையெழுத்து வைக்கிறன். புது ஆள் வந்தால் என்னை கிறவுண்டுக்குள்ள வைச்சிருக்க மாட்டினம். எனக்குத் தெரிஞ்சது உது ஒண்டுதான். என்ர பேரை ஆரும் எடுக்க மாட்டினம். நீ ஒருக்காப் பேரைச் சொன்னால் காணும். வேற ஒண்டும் கதைக்கத் தேவையில்லை."

"நான் எப்பவடா கூட்டத்தில கதைச்சனான்?"

"அது தெரியும். அதாலதான் கேக்கக் கூசினது."

உண்மைதான். இருபது வருடமாக அந்தக் கூட்டங்களுக்குப் போகிறேன். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. தேத்தண்ணி என் பொறுப்பு. அதை யாரும் எனக்குத் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். கைக்கு வேலை இருந்தால் ஒருவரும் கதைக்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். நான் ஓ.எல் சோதனையோடு படிப்பை விட்டவன். அங்கே வருகிறவர்களில் டொக்டர், எக்கவுண்டன்ட், கடைக்காரர் எல்லாரும் உண்டு. எல்லாருக்கும் குரல் உண்டு.

ஆனால் எனக்கும் அங்கே ஒரு உரிமை இருந்தது. எங்கள் கிளையில் ஒரு வழக்கம். கோச் விசயத்தில் எல்லாரும் கத்தலாம். பெயரைப் பிரேரிக்கவும் கை உயர்த்தவும் உரிமை, முதல் பதினொருவர் அணியின் படத்தில் நின்றவர்களுக்கு மட்டும். ஒவ்வொரு வருடத்துப் படத்தின் பிரதியும் ஒரு தடித்த கோப்பில் இருக்கிறது. கூட்டத்தில் அதை மேசையில் வைப்பார்கள். எங்கள் வருடத்துப் படத்தில் பின் வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள் நான். அந்தப் படத்தில் நின்றவர்களில் என் நண்பன் ஊரில், மற்றவர்கள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள், சிலர் உயிரோடு இல்லை. லண்டனில் நான் ஒருவன்தான்.

ரயிலில் இருக்க இடம் கிடைக்கவில்லை. ஏதோ திருத்த வேலை என்று பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். போனில் சங்கத்து அரட்டைக் குழு விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எல்லாம் கடைசியாக நடந்த இறுதி ஆட்டத்தைப் பற்றித்தான். அதைப் போனில் நேரலையாக எல்லாரும் பார்த்திருந்தோம். ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறபோது, கடைசிப் பத்து நிமிடத்தில், என் நண்பன் நன்றாக ஆடிக்கொண்டிருந்த நடு ஆட்டக்காரனை வெளியே எடுத்தான். அந்த வருடம் ஒரு ஆட்டத்திலும் இறங்காத ஒரு பெடியனை உள்ளே விட்டான். அந்தப் பெடியனின் காலில் இருந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய்த்தான் எதிரணி வெற்றிக் கோலை அடித்தது. அன்றிலிருந்து லண்டனில் என் நண்பனுக்குப் பெயர், கப்பைத் தூக்கிக் கொடுத்தவன்.

மோர்டனில் தேவாலயத்தின் பக்கத்து மண்டபம். நான் போகும்போதே சத்தம் வாசலுக்குக் கேட்டது. இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குக் கப்டன் அண்ணை. எனக்கு நாலு வருடம் மூத்தவர். ஒரு வருடம் அணிக்குக் கப்டனாக இருந்தவர், இன்றைக்கும் அந்தப் பெயர்தான். அவருக்குக் கொழும்பில் இருக்கிற தன் காலத்து நண்பர் கோச்சாக வர வேண்டும். மற்றக் கட்சி இளையவர்கள். அவர்களுக்குக் கோச்சிங் சான்றிதழ்ப் படிப்பு முடித்த ஒரு இளம் ஆள் வேண்டும். அவர்களுக்காகக் கதைப்பவன் கணினி வேலை செய்கிற ஒரு தம்பி.

"அண்ணை, இப்ப லைசன்ஸ் இல்லாமல் ஆரும் கோச் பண்ண ஏலாது."

"லைசன்ஸ் காருக்கடா. பந்துக்குக் கால் வேணும்."

"உங்கட ஆளுக்கு ரெண்டு முழங்காலும் மாத்தியாச்சே அண்ணை."

"மாத்தின முழங்காலோட வந்து உன்னைத் தாண்டிப் போவான், பாக்கிறியோ? நாலு மூண்டு மூண்டு எண்டு பலகையில கோடு கீறினால் பந்து உள்ளுக்குப் போகுமோ? எங்கட காலத்தில கோடும் இல்லை ஒண்டும் இல்லை. பந்து எங்க போச்சுதோ அங்க போனனாங்கள்."

"அதுதானண்ணை உங்கட வருசத்தில ஏழு கோல் வாங்கினது."

மண்டபம் சிரித்தது. கப்டன் அண்ணையும் சிரித்தார். நான் பின்னால் பால் அளந்துகொண்டிருந்தேன். இப்படி இரண்டு மணித்தியாலம் போனது. தண்ணீர் இரண்டு முறை கொதித்து ஆறிவிட்டது. என் நண்பனைப் பற்றி யாராவது சொன்னார்கள் என்றால் அது பகிடிக்குத்தான்.

கடைசியில் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொப்பியை எடுத்தார். அமைதியான வயதான மனிதர். இரண்டு பெயரையும் எழுதினார். "இப்ப இருக்கிறவரை ஆரும் பிரேரிக்கினமோ? இல்லையெண்டால் விடுவம்."

என் கை உயர்ந்தது. கையில் பாத்திரம் துடைக்கிற துணி இருந்தது.

"தேத்தண்ணி பிறகு, தம்பி," என்றார் தலைவர்.

"தேத்தண்ணி இல்லை. நான் பிரேரிக்கிறன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரலை அவர்களில் பலர் அன்றுதான் கேட்டிருப்பார்கள். தலைவர் கோப்பைப் புரட்டி எங்கள் வருடத்துப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூன்றாவதாக என் நண்பனின் பெயரை எழுதினார். அவ்வளவுதான். அவன் கேட்டது முடிந்துவிட்டது. நான் துணியை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் நின்றிருக்க வேண்டும்.

"ஆரை, அவனையோ?" கப்டன் அண்ணை கதிரையோடு திரும்பினார். "வாங்கில இருந்த பெடியனை இறக்கிக் கப்பைக் குடுத்தவனையோ? அது கோச்சிங்கோ, இல்லாட்டித் தருமம் குடுக்கிறதோ?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் தருமம் என்ற சொல் எனக்குத் தாங்கவில்லை.

"தருமம் இல்லை அண்ணை. அது அவன்ர சட்டம். ஒரு பயிற்சியும் விடாமல் வாற பெடியன் வருசக் கடைசி ஆட்டத்தில பத்து நிமிசமாவது ஆட வேணும். கப்புக்கான ஆட்டம் எண்டாலும்."

"உந்தச் சட்டம் எங்கயிருந்து வந்தது?"

"என்னால வந்தது."

பிறகு சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை, முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. மூன்று வருடம் ஒரு பயிற்சியும் விடாமல் போனேன். அப்போது சண்டைக் காலம், வருடத்தில் நாலு ஆட்டம் நடந்தால் பெரிய விசயம். இருக்கிற நாலு ஆட்டத்தில் என்னைப் போன்றவனை இறக்கிப் பார்க்க எந்தக் கோச்சுக்கும் மனம் வராது. அது அவருடைய பிழையும் இல்லை. கடைசி வருடக் கடைசி ஆட்டத்தில் நாங்கள் நாலு கோல் முன்னால் நின்றோம். என் நண்பன் திடீரென்று காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். எனக்கு இடம் விடத்தான் அப்படி இருந்தான். கோச் என்னைப் பார்க்கவே இல்லை. தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து ஆளை எழுப்பி ஆட விட்டார். நான் போட்டிருந்த காலுறையில் ஊத்தை படாமலே வீட்டுக்குப் போனேன். அவன் கோச்சாக வந்த முதல் மாதம் போனில் சொன்னான், உன்னைப் போல ஒருத்தனையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டன் என்று.

கணினித் தம்பிதான் கேட்டான். "அப்ப அண்ணை, நீங்கள் ஒரு ஆட்டமும் ஆடேல்லையோ?"

"இல்லை."

"ஒரு நிமிசமும்?"

"இல்லை."

"ஆனால் படத்தில நிக்கிறியள்."

"படம் எடுத்த அண்டைக்கு ஒருத்தனுக்குக் காய்ச்சல். வரிசை சரியாய் வரவேணும் எண்டு அவன்ர உடுப்பைப் போட்டு என்னை நிப்பாட்டினவை."

இருபது வருடமாக நான் திருத்தாமல் விட்டிருந்த பொய் அது. நானாக ஒரு நாளும் ஆடினேன் என்று சொன்னதில்லை. ஆனால் சங்கத்தின் மத்தியான விருந்தில், ஆடினவர்கள் எல்லாரும் படத்துக்கு வாங்கோ என்று கூப்பிடும்போது போய் ஓரத்தில் நின்றிருக்கிறேன்.

தலைவர் பேனையைக் கீழே வைத்தார். "இதில ஒரு பிரச்சினை இருக்கு. தம்பி ஆடேல்லையெண்டால் அவற்ற பிரேரணை செல்லுமோ?"

அதற்குப் பிறகு நடந்ததைப் போல உற்சாகமான விவாதம் அன்று வேறு நடக்கவில்லை. கோச்சை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

"படத்தில நிண்டவன் எண்டுதான் சட்டம். ஆடினவன் எண்டு எங்க இருக்கு?"

"நிண்டவன் எண்டால் ஆடினவன் எண்டுதானே அர்த்தம்!"

"அப்ப காய்ச்சல்காரன்ர பாடு? அவன் ஆடினவன், படத்தில இல்லை."

"அவன் கனடாவில," என்றேன் நான்.

"சரி, அவன்ர கையை இவர் தூக்கினார் எண்டு வைப்பமே?"

"ஒருத்தன்ர உடுப்பைப் போடலாம், கையைப் போட ஏலுமோடா?"

சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரை ஏறியது. நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முடிவில் தலைவர், மிகவும் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு, மூன்றாவது பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். வேறு யாராவது பிரேரிக்கிறீர்களா என்று ஒழுங்குக்கு ஒரு தரம் கேட்டார். ஒருவரும் கை உயர்த்தவில்லை. கப்டன் அண்ணையின் கொழும்பு நண்பர் இரண்டு கை வித்தியாசத்தில் வென்றார்.

தேத்தண்ணி எடுக்க வந்த கப்டன் அண்ணை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "உந்தப் படக் கதையைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே தம்பி. பேராவது கொப்பியில நிண்டிருக்கும்."

அவர் சொன்னது சரி. திரும்பி வரும்போது ரயிலில் இடம் கிடைத்தது. ஆனால் அதை நினைத்துக்கொண்டே இருந்ததில் கால் நோவு குறைந்ததாகத் தெரியவில்லை. பெயரை மட்டும் சொல்லு என்றுதான் அவன் கேட்டான். எல்லாவற்றையும் சொல்லி அந்த ஒன்றையும் இல்லாமல் செய்துவிட்டு வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் நடைச் சுவரில் மாட்டியிருக்கிற அந்த அணிப் படத்தைப் பார்த்தாள். "அப்ப பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டாள். பிள்ளைகள் அந்தப் படத்தை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை, அங்கே மத்தியானம், அவனுக்கு நானே போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"டேய் விசரா, அதையேன் சொன்னனி?"

"தருமம் எண்டு சொன்னாங்கள்."

"சொல்லட்டும். சொன்னால் என்ன?" பிறகு மூச்சு விட்டான். "சரி விடு. மூண்டரைக்குப் பயிற்சி. பெடியள் வந்திடுவாங்கள்."

கடிதம் அதிபருக்குப் போனது. அதிபர் கொழும்புக்காரருக்கு எழுதினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவர் மகளோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போகிறாராம். தன்னிடம் முதலே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம். அவ்வளவு விவாதத்தில் ஒருவருக்கும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. கப்டன் அண்ணைக்குக்கூட. அடுத்த கூட்டம் வரைக்கும் இருக்கிறவரே தற்காலிகமாகத் தொடரட்டும் என்று அதிபர் எழுதிவிட்டார். நான்காவது வருடமும் அவன் தற்காலிகம் என்றே எழுதிக் கையெழுத்து வைக்கிறான். அந்தப் பத்து நிமிடச் சட்டத்தையும் அவன் விடவில்லை.

இந்த முறை மத்தியான விருந்தில் சாப்பாடு முடிந்ததும் வழமைபோலக் கூப்பிட்டார்கள், ஆடினவர்கள் எல்லாரும் படத்துக்கு வாங்கோ என்று. நான் என்ன செய்வது என்று தெரியாமல் கதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணினித் தம்பி என்னிடம் வந்தான். நல்ல பிள்ளை, கூச்சத்தோடு போனை நீட்டினான்.

"அண்ணை, நீங்கள் ஒருக்கா எடுத்து விடுறியளோ?"

வாங்கிக்கொண்டேன். வரிசை கோணலாக இருந்தது. இடப்பக்கத்தில், நான் வழமையாக நிற்கிற ஓரத்தில், ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். பழக்கம்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"அந்தப் பக்கம் இடம் கிடக்கு. எல்லாரும் கிட்ட வாங்கோ."

வந்தார்கள். எடுத்தேன்.