சிவப்புக் கோடு எந்தப் பக்கம்

கல் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதருக்குத் தன் நிழல்மேலும் சந்தேகம். பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். கரையோரக் கடலடியில் துளைபோட்டு எடுத்த கல் உருளைகள் அங்கே நாலாயிரம் பெட்டிகளில் கிடந்தன. கல்லை எவன் திருடப்போகிறான் என்று யாராவது கேட்டால், கேட்டவர்மேலேயே ஒரு கண் வைப்பார்.

அப்படிப்பட்டவருக்கு லாரி ஓட்டுகிற மாப்பிள்ளை வாய்த்தான். பழைய கிடங்கிலிருந்து பெட்டிகளைக் கொண்டுவருவதும் அவன்தான். போதாதா?

அன்று காலை ஆய்வாளர் அம்மா ஏழாம் துளையின் பெட்டிகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

“அண்ணே, இங்க நிலம் ரெண்டு பக்கமும் இழுபட்டு, மெலிஞ்சு, கீழ இறங்கியிருக்கு. அந்தப் பள்ளத்துல முதல்ல ஆத்து வெள்ளம் கூழாங்கல்லைக் கொட்டும். அப்புறம் ஏரிச் சேறு. இன்னும் இறங்கினப்புறம்தான் கடல் உள்ள வரும். கூழாங்கல் அடியில இருக்கணும், கடல் சிப்பி மேல இருக்கணும். இங்க சிப்பி அடியில கிடக்கு!”

“எனக்கு அப்பவே தெரியும்மா. லாரியில கவிழ்த்துட்டு கண்டபடி அடுக்கியிருக்கான்.”

கிடங்குக்காரர் சட்டைப்பையில் கடிதம் தயாராக இருந்தது. மாப்பிள்ளையின் லாரியை நிறுத்தச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதியது. மகள் அழுவாள்தான், அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா?

“கவிழ்ந்திருந்தா கலைஞ்சிருக்கும். இது ஒழுங்கா தலைகீழா இருக்கு.”

ஆய்வாளர் ஒரு கல்லைத் தொட்டுக் காட்டினார். துளைபோடும் இடத்திலேயே ஒவ்வொரு உருளையிலும் நீளவாக்கில் இரண்டு கோடு போட்டுவிடுவார்கள். மேல்முனை மேலே இருந்தால் சிவப்பு வலப்பக்கம், கறுப்பு இடப்பக்கம். இங்கே எல்லாக் கல்லிலும் சிவப்பு இடப்பக்கம் இருந்தது.

“இந்தத் துளைப் பெட்டி உளுத்துப்போச்சுன்னு கல்லைப் புதுசுக்கு மாத்தினது யாரு?”

கிடங்குக்காரர் குனிந்து கோட்டைப் பார்த்தார். எவனையும் நம்பாமல், கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு, மூன்று நாள் தன்னந்தனியாக மாற்றியவர் அவரேதான். பழைய பெட்டிகளுக்கு எதிர்ப்பக்கம் நின்று, அடியிலிருந்து எடுக்க ஆரம்பித்திருக்கிறார். அவமானம் பிடுங்கித் தின்றது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். பெட்டி மாற்றியதில் தானே கல்லைத் தலைகீழாக்கியதைச் சொன்னார்.

“தெரியும் மாமா,” என்றான் அவன். “காலிப் பெட்டி இறக்க வந்தப்ப சன்னல் வழியா பாத்தேன். சிவப்பு இடப்பக்கம் இருந்துச்சு.”

“ஏன் மாப்ளே அப்பவே சொல்லல?”

“சொல்லியிருந்தா, உள்ள புகுந்து மாத்தினதே நான்தான்னு சொல்லியிருப்பீங்க.”