விளக்கு மூலையில் ஒரு சுருக்கம்

வெள்ளைத் துணியை ஓர் உதறு உதறி, காரின் மூக்கைச் சுற்றிக் கட்டிய பிறகுதான் சலூன்காரர் வேலையில் கை வைப்பார். கடையில் ஆட்களின் கழுத்தில் கட்டுகிற அதே துணி. சாயம் பட்டுக் கறையானவை பணி ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிடும். அடுத்து தண்ணீர்க் குப்பியை எடுத்து முன்விளக்கின் மேல் புஸ்புஸ்ஸென்று அடிப்பார். உள்ளே இருப்பது ஷாம்பு இரண்டு சொட்டு கலந்த தண்ணீர். "தலைய ஆட்டாம இருங்க" என்று காரிடம் சொல்வார். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. கை ஓடினால் வாயும் கூடவே ஓடுவது தொழிலில் ஊறிய பழக்கம்; எதிரே இருப்பது மனிதனா காரா என்றெல்லாம் அந்த வாய் பார்ப்பதில்லை.

நான் அவருக்கு மேல்வீட்டுக்காரன். வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பிழைப்பவன் என்பதால், அவருடைய கடை விடுமுறை நாட்களில் கீழே கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் இந்த வைபவத்துக்கு நிரந்தரப் பார்வையாளன். விளக்குக்கு ஏதோ கலர் காகிதம் ஒட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். காகிதமில்லை, வினைல் பிலிம். கண்ணாடி போல் மெல்லிசாக, பின்பக்கம் பசையோடு சுருளாக வரும். "காகிதம்னு சொல்லிடாதீங்க சார், கோவிச்சுக்கும்" என்றார்.

பிலிமை விளக்கின் மேல் போர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்துத் தள்ளுவார். தட்டையான இடத்தில் என்னைப் போன்ற ஆள்கூட ஒட்டிவிடலாம். விளக்கு வளைந்து திரும்புகிற மூலையில்தான் பிலிம் முரண்டு பிடிக்கும். அங்கே கடையிலிருந்து கொண்டுவந்த முடி உலர்த்தும் மெஷின் வேலைக்கு வரும். சூடு பட்டதும் பிலிம் இளகும். அந்த நேரம் பார்த்து இழுத்துப் படிய வைக்க வேண்டும். "தாடைகிட்ட வந்துட்டோம், இப்பத்தான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்பார். மிச்சமிருக்கும் ஓரத்தைச் சவரக் கத்தியால் ஒரே இழுப்பில் நறுக்கிவிடுவார். வேலை முடிந்ததும் விளக்குக்குப் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்து, போதுமா என்று கேட்காதது ஒன்றுதான் பாக்கி.

விஷயம் தெருவுக்குள் பரவி, முடி வெட்ட வந்தவர்கள் கார் சாவியையும் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அவரிடம் சில சட்டங்கள் உண்டு. பின்விளக்கைக் கறுப்பாக்கித் தரச் சொன்னால் முடியாது. "பின்னாடி வர்றவனுக்கும் கண்ணு தெரியணும்ல" என்பார். முன்விளக்குக்கு மெல்லிய பிலிம் மட்டும்தான். ஒட்டிய பிறகு சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, கொஞ்சம் மங்கினாலும் உரித்து எறிந்துவிடுவார். இளநீலம் ஒட்டுவார், இளம்பச்சை ஒட்டுவார். மஞ்சள் மட்டும் யாருக்கும் கிடையாது. அவருடைய காரில் மட்டும் இரண்டு விளக்கும் மஞ்சளாக ஜொலித்துக்கொண்டிருக்கும்.

ஆசைப்பட்டு நானும் மஞ்சள் கேட்டேன். ஸ்டாக் இல்லை என்றார். சுருள் அவர் கக்கத்திலேயே இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும் மனிதர் அசடு வழிய நின்றார். பிறகு துணியை உதறி மடித்துக்கொண்டே, அந்த மஞ்சளின் கதையைச் சொன்னார்.

அவர் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பு கொடுப்பவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். யாருக்கு எந்த எண் என்பது விரல் நுனியில் இருப்பதால் வேலைக்குக் கண்ணே தேவையில்லை என்று அவரே கேலியாகச் சொல்வார். அந்தக் கண் சில வருஷங்களாக மங்கிக்கொண்டு வருகிறது. பகலில் ஒருவாறு சமாளித்துவிடுவார். பொழுது சாய்ந்தால் எதுவும் பிடிபடாது. மாலையில் வேலை முடிந்து வெளியே வந்து, வரிசையாக நிற்கும் கார்களில் தங்கள் காரைக் கண்டுபிடித்து ஏற வேண்டும். கூட்டத்தைப் பொறுத்து அது தினம் ஓர் இடத்தில் நிற்கும். சலூன்காரர் ஒருநாள் வாசலுக்கே போய்க் கையைப் பிடித்திருக்கிறார்.  வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "கையப் பிடிச்சு நடத்துற அளவுக்கு நான் இன்னும் ஆகல. நானா வரணும். நானா வர முடியாதுன்னா வேலைய விட்டுடறேன்."

ஆகவே ஓர் உடன்படிக்கை. இவர் காரை விட்டு இறங்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. அதுவும் கொஞ்ச நாள்தான் ஒழுங்காக ஓடியது. ஒரு மாலை அக்கா நேராகப் போய் வேறொரு வெள்ளைக் காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். ஏறியதும் ஏறாததுமாக, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிற கெட்ட பழக்கத்தைப் பற்றி ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரை ஒரு பிடி பிடித்திருக்கிறார். அவர் ஒரு டாக்டர். அர்ச்சனை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் வீட்டுலயும் இதையேதான் சொல்றாங்கம்மா" என்றாராம்.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த அக்கா, மறுநாள் வேலைக்குக் கிளம்பவில்லை. தலைவலி என்றார். அதற்கடுத்த நாளும் தலைவலி. "அவ சிரிச்சப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு சார், இனி போக மாட்டான்னு" என்றார் சலூன்காரர். அன்றைக்குத்தான் கடைக்கு வந்த யாரோ மஞ்சள் பிலிமைப் பற்றிப் பேச, அப்படியே எழுந்து போய் ஒரு சுருள் வாங்கிவந்து, ஒட்டத் தெரியாமலே ஒட்டிவிட்டார். வெள்ளை விளக்குகளுக்கு நடுவே மஞ்சள் தனியாகத் தெரிந்தது. அக்காவின் தலைவலி போய்விட்டது. தெருவில் பத்துக் கார் மஞ்சளானால் அதில் ஒன்று அந்த மருத்துவமனைக்கும் போகுமே, அதனால்தான் எனக்கு ஸ்டாக் இல்லை. நான் இளநீலத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டேன்.

மாலையில் அக்காவை அழைத்துவரும் நேரம் வந்துவிட்டால், கடை நாற்காலியில் யார் இருந்தாலும் அவருக்குக் கணக்கில்லை. பாதி முகத்தில் நுரையோடு இருப்பவரைக் கூட்டாளியின் கையில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் வந்துதான் மீசையைத் தொட வேண்டும் என்று காத்திருக்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

அத்தனை பேர் தாடையையும் வழவழப்பாக்குகிற மனிதருக்குத் தன் காரில் ஒரு பெருங்குறை இருந்தது. முதல் முதலாக ஒட்டியபோது, மனைவி ஏறும் பக்கத்து விளக்கில், பானெட்டை ஒட்டிய மேல்மூலையில் சூடு கூடிப்போய் பிலிம் மடிந்துவிட்டது. அரிசி நீளத்துக்கு ஒரு சுருக்கம், தையல் போட்டதுபோல் புடைத்துக்கொண்டு நிற்கும். கடைக்கு வருபவர்கள் அதைக் காட்டிக் காட்டிக் கிண்டலடிப்பார்கள். கை தேறிய பிறகு அதை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்ட எத்தனையோ முறை கிளம்பினார். ஒவ்வொரு முறையும் அக்கா, அது பாட்டுக்கு இருக்கட்டும், உங்களுக்கு வேறு வேலையில்லையா என்று தடுத்துவிடுவார். தன் முதல் உழைப்பின் மேல் மனைவிக்கு இருக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டு இவரும் உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில், அக்காவை வேலைக்கு விட்டுவிட்டு வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு விளக்குக்கும் புதுப் பிலிம் ஒட்டினார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் கை பேசியது. மூலையில்கூட ஒரு குமிழி இல்லை, ஒரு மடிப்பு இல்லை. "ஈ உக்காந்தா வழுக்கி விழுந்துடும்" என்று அவரே தன்னைப் பாராட்டிக்கொண்டார். மாலையில் எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். புது விளக்கைப் பார்த்து அவள் என்ன சொல்கிறாள் பாருங்கள் என்று வழியெல்லாம் ஒரே உற்சாகம்.

வரிசையின் நடுவில் இடம் கிடைத்தது. அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கி, நடைபாதை விளிம்பைக் காலால் தொட்டுப் பார்த்து, நேராக வரிசைக்கு வந்தார். முதலில் நின்ற காரின் முன்பக்கத்தை, தூசி தட்டுவதுபோல் விரலால் ஒரு தடவு தடவினார். அடுத்த காருக்கு நகர்ந்தார். அதையும் தடவினார். எங்கள் காரின் மஞ்சள் வெளிச்சம் அவர் இடுப்புவரை விழுந்துகொண்டிருந்தது. எங்கள் விளக்கின் மேல்மூலையிலும் அவர் விரல் வந்தது, நின்றது, திரும்பவும் ஒருமுறை தேடியது. பிறகு அடுத்த காருக்குப் போய்விட்டது.

சலூன்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, எனக்கும்தான். மஞ்சள் எப்போதோ அக்காவின் கண்ணை விட்டுப் போய்விட்டது. அதை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இவர் மறுபடி வாசலுக்கு வந்துவிடுவார். அந்த அசிங்கமான சுருக்கத்தைத் தொட்டுத்தான் தினமும் தானாக வந்து ஏறிக்கொண்டிருந்திருக்கிறார். அதை இன்று இவர் தன் கையாலேயே எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அவர் கை கதவுப் பிடிக்குப் போனது. திரும்பி வந்தது. ஹாரன் பக்கம் போனது, அதுவும் திரும்பி வந்தது. அக்கா இன்னும் ஒரு கார் தள்ளிப் போய் நின்றார். சட்டென்று சலூன்காரர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, என் பக்கம் திரும்பி உரக்க ஆரம்பித்தார்.

"அப்புறம் சார், அந்தக் குழாய் ரிப்பேர்காரன் இன்னிக்கும் வரலையா?"

அப்படி ஒருவனை நான் கூப்பிட்டதே இல்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டேன். "எங்க வர்றாண்ணே, ஒரு வாரமா இதே பாட்டு" என்று நானும் குரலை உயர்த்தினேன். இல்லாத குழாய்க்காரனை இருவருமாகச் சேர்ந்து திட்டித் தீர்த்தோம். அக்கா தலையைத் திருப்பினார். நிதானமாக நடந்து வந்து, கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"ஊருக்கே கேக்குது உங்க ரெண்டு பேர் பேச்சும்" என்றார். கார் வெளிவாயிலைத் தாண்டிய பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, "மூலையில ஒரு சுருக்கம் இருந்துச்சே, எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. பார்க்க அசிங்கமா இருந்துச்சு."

"எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

மஞ்சளைப் பற்றிச் சலூன்காரர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார். அக்கா சாப்பிட்டேன் என்றார். ஈரத் துண்டை எங்கே போட்டீர்கள் என்று திருப்பிக் கேட்டார்.

மறுநாள் காலை கடை திறக்கவில்லை. அக்காவை விட்டுவிட்டு வந்த சலூன்காரர், துணியைக் கட்டி, அக்கா ஏறும் பக்கத்து விளக்கின் பிலிமை உரித்துப் புதிதாக ஒட்ட ஆரம்பித்தார். தலையை ஆட்டாதே, நிமிர்ந்து உட்கார் என்று எதுவும் பேசவில்லை. அவர் வாய் ஓடாமல் கை மட்டும் ஓடி அன்றுதான் பார்த்தேன். மூலைக்கு வந்ததும் பிலிமைத் தூக்கி நகத்தால் கிள்ளி மடித்தார். பழகிய கையல்லவா, அடுத்த இழுப்பில் கட்டைவிரல் தானாகவே அதைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி மடித்தார். சூடு காட்டினார். அதுவும் படிந்துபோனது. மூன்றாவது முறை இரண்டு நகங்களால் இறுக்கிப் பிடித்து, சூடு விரலில் பட்டும் விடாமல் இருந்து, ஆறிய பிறகுதான் கையை எடுத்தார். பழையதைவிடத் தடிப்பாக, பார்க்கச் சகிக்காத ஒரு சுருக்கம்.

துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வாசல் கேட்டுக்குப் போனார். வெளியே போகிறாராக்கும் என்று நினைத்தேன். அங்கேயே திரும்பி நின்று, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். கையை முன்னால் நீட்டியபடி ஒவ்வோர் அடியாக வைத்து வந்தார். முதலில் கைக்குப் பட்டது என் கார். அதன் விளக்கை விரலால் தடவிவிட்டு, கண்ணைத் திறக்காமலே அடுத்ததற்கு நகர்ந்தார்.